சோம்பியது கண்ணா, நாமா?



எங்கள் வலையபட்டியில் மாலை வேளைகளில் ஓத வரும் பிள்ளைகளுள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. பெயர் வேண்டாம். நல்ல மனனசக்தி உடையவன். காயிதாவை முடித்து அம்ம ஜுஸ்வில் கால் வைத்திருந்தான். ஒரு நாள் வலக்கண் இமையில் கட்டி வந்து, கண் வீங்கி மூடிய நிலையில் வந்து அமர்ந்தான். முந்திய நாள் பாடத்தைத் தங்குதடையின்றி ஓதினான். புதிய பாடத்தைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டான். "எழுத்துத் தெரியவில்லை ஹஜ்ரத்" என்றான்.

மற்றொரு கண் நன்றாகத் திறந்துதானே இருக்கிறது! படிக்காமல் வந்துவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்று கருதினேன். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் கடிந்துகொண்டதோடு எழுந்து நிற்கவும் வைத்தேன். நின்றபடியே அழுதான். அழுகையினூடே அவன் சொன்னது இதுதான்: "இந்தக் கண்ணு எப்பவுமே இப்படித்தான் ஹஜ்ரத்."

அவன் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எல்லா மனிதர்களுக்கும் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் மங்கலாகவும்தான் இருக்கும் என்று அவன் எண்ணியிருந்தான். நான் பலகையில் பா, தா, ஸா என்ற மூன்று எழுத்துகளையும் எழுதிப் புள்ளிகளை எண்ணச் சொன்னேன். ஒன்றா, இரண்டா, மூன்றா என்று அவனால் கூற இயலவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பையனின் அத்தா மலேசியாவில் வேலை பார்க்கிறார். மறுநாள் நான் வீட்டுக்குச் சென்று விவரம் சொன்னபோது பாட்டியார் நம்பவில்லை. "மாறுகண்ணும் இல்லை, கண்ணில் பூவும் விழவில்லை. பள்ளிக்கூடத்தில்கூடக் கண் சோதனை செய்தார்களே" என்றார். செய்தார்கள்தாம். கையால் ஒரு கண்ணை மறைக்கச் சொன்னால் விரலிடுக்கு வழியே பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. இவனும் அப்படித்தான் பார்த்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டான். காரைக்குடியில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினோம். அவர் மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் சொன்ன நோயின் பெயர் 'ஆம்ப்ளியோபியா'. தமிழில் சோம்பல் கண் என்கிறார்கள். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கண் சோம்பியிருக்கவில்லை. அதை யாரும் வேலை வாங்கவில்லை, அவ்வளவே.

நான் வரலாறு படித்த கலைப் பட்டதாரி. மருத்துவம் அறிந்தவன் அல்லன். மருத்துவர் விளக்கியதையும் பின்னர் தேடிப் படித்ததையும் எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

பார்ப்பது கண் மட்டும் அன்று, மூளையும்தான். பிறந்தது முதல் சுமார் ஏழெட்டு வயது வரை, இரு கண்களும் அனுப்பும் இரு படங்களை ஒன்றாக இணைத்துப் பார்க்க மூளை கற்றுக்கொள்கிறது. ஒரு கண்ணின் படம் மட்டும் தொடர்ந்து மங்கலாகவோ விலகியோ வந்தால், மூளை அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு மற்ற கண்ணை மட்டும் நம்பத் தொடங்குகிறது. மாறுகண்ணால் இது நேரலாம். பிறவிக் கண்புரையாலும் இமைத் தொய்வாலும் நேரலாம். இச்சிறுவனுக்கு நேர்ந்ததோ மூன்றாவது வகை. இடக்கண்ணில் மட்டும் பவர் மிக அதிகம், வலக்கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெளியே பார்த்தால் இரண்டும் அழகான கண்கள். பெற்றோர் எப்படி அறிவர்? டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து ஆராய்ந்து, அந்த இளம் பருவத்தில் ஒளி காணாத கண்ணுக்குரிய மூளைப் பகுதியை மறுகண் கைப்பற்றிக்கொள்வதைக் கண்டறிந்தனர். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் மருந்து மூக்குக் கண்ணாடி. இதனை அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். இரு கண்களின் பவர் வேறுபாட்டால் பார்வை குன்றிய 84 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒரு பங்கினருக்குச் சற்று மேலானோர் கண்ணாடி ஒன்றினாலேயே நலமடைந்தனர். அது போதாதபோது, நல்ல கண்ணைப் பிளாஸ்திரியால் மூடி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைக்கிறார்கள். சிலருக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்வதும் உண்டு. இம்முறை பழமையானது. பக்தாதில் வாழ்ந்து கி.பி. 901இல் மறைந்த தாபித் இப்னு குர்ரா, மாறுகண்ணுக்கு நல்ல கண்ணை மூடச் சொன்னதாக மருத்துவ வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. (அவரை நம்மவர் என்று மேடைகளில் முழங்குகிறோம். அவர் ஹர்ரான் நகரத்து ஸாபியீன் சமயத்தவர். அறிவைச் சமயம் பாராது போற்றிய அக்கால பக்தாதைப் பாராட்டுவதே முறை.)

கண்ணாடியோடு சில மாதங்கள் கழிந்த பிறகு எங்கள் பையனுக்கும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பிளாஸ்திரி என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம்தானே என்று நானும் எளிதாக எண்ணினேன். நல்ல கண்ணை மூடினால் குழந்தைக்கு உலகமே மங்கிவிடுகிறது என்பதை நாம் உணர்வதில்லை. இதைவிடக் கொடுமை ஒன்று நேர்ந்தது. பிளாஸ்திரியோடு ஓத வந்த முதல் நாளே, கூட ஓதும் பிள்ளைகள் அவனைத் 'தஜ்ஜால்' என்று அழைத்தார்கள். ஒற்றைக் கண் தஜ்ஜாலைப் பற்றி அவர்களுக்குப் பாடம் சொன்னவனும் நானேதான். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வைவதால் பயனில்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் நான் என் கைக்குட்டையால் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் சூழ்ந்திருக்க, கெட்டிலிலிருந்து குவளைக்குத் தேநீர் ஊற்றினேன். பாதி, பாயில் போயிற்று. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நுட்பமாக அளப்பதற்கு இரு கண்களும் வேண்டும். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனும் "நான் ஹஜ்ரத், நான் ஹஜ்ரத்" என்று கைக்குட்டையைக் கேட்டான். பாயெல்லாம் தேநீர். அன்று மாலை அவர்களுள் நால்வர் தாமாகவே அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார்கள்.

ஆயினும் வீட்டில் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிவது நிற்கவில்லை. அப்போதுதான் மலேசியாவிலிருந்து அத்தா தொலைபேசியில் கேட்டார்: "இரண்டு கண்ணையும் வைத்து விளையாடியே சரிசெய்யும் விளையாட்டு இருக்கிறதாமே ஹஜ்ரத்? பிளாஸ்திரியை விட்டுவிடலாமா?" கேள்வி நியாயமானது. பதிலை அறிய எனக்குப் பல நாள் ஆயிற்று.

அத்தகைய விளையாட்டு மெய்யாகவே இருக்கிறது. சிவப்பு, பச்சைக் கண்ணாடி அணிவித்தோ, தலையில் மாட்டும் கருவி மூலமாகவோ, படத்தை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பாதியைக் காட்டுகிறார்கள். மேலிருந்து கட்டிகள் விழும் 'டெட்ரிஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விழும் கட்டி பலவீனமான கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். கீழே அடுக்கிய கட்டிகள் நல்ல கண்ணுக்கு மட்டும், மங்கலாகத் தெரியும். இரண்டையும் மூளை இணைத்தால்தான் ஆட முடியும். பலவீனமான கண் முன்னேற முன்னேற, நல்ல கண்ணின் படத்தையும் சிறிது சிறிதாகத் தெளிவாக்குவார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹெஸ் முதலியோர் 18 பெரியவர்களிடம் இரண்டு வாரம் இதைச் சோதித்து, நல்ல கண்ணை மூடி ஆடியோரைவிட இரு கண்ணாலும் ஆடியோர் மிகுதியாக முன்னேறியதை 2013இல் வெளியிட்டனர். நம் நாட்டிலும், கல்கத்தாவில் 10 முதல் 18 வயது வரையுள்ள 100 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினர் பலவீனமான கண்ணால் மட்டும் வீடியோ விளையாட்டு ஆடினர். வயது கடந்தவர்களுக்கும் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை என்பதை அது காட்டியது.

ஆனால் 2016இல் அமெரிக்காவில் 385 குழந்தைகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது, 16 வாரங்களில் விளையாடியோர் பார்வைப் பலகையில் ஏறத்தாழ ஒரு வரிசை முன்னேறினர். பிளாஸ்திரி ஒட்டியோர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே முன்னேறினர். காரணங்களுள் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்ன அளவில் முக்கால் பங்காவது விளையாடியவர்கள் நூற்றுக்கு 22 பேர்தாம்! விளையாட்டையும் மருந்தாகக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது. பிறகு 2021இல், நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக, அவர்கள் விரும்பும் தொலைக்காட்சிப் படங்களையே இவ்வாறு பிரித்துக் காட்டும் 'லூமினோபியா' என்ற கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், கண்ணாடியை அணிந்தபடியே பார்க்க வேண்டும்.

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கைப்பேசியில் பிள்ளை ஆடும் சாதாரண விளையாட்டு இதுவன்று. அதில் நல்ல கண்ணே முழு வேலையையும் செய்துவிடும், பலவீனமான கண் வேடிக்கையும் பார்க்காது. "கண்ணுக்கு நல்லதாம்" என்று கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

மதுரை மருத்துவர் சொன்ன தீர்ப்பு எளிமையானது: கண்ணாடி எப்போதும், பிளாஸ்திரி இரண்டு மணி நேரம், மருத்துவமனைக்கு வரும்போது சிவப்பு பச்சைக் கண்ணாடியுடன் கணினிப் பயிற்சி. பிளாஸ்திரி வேளையைப் பாட்டியார் பார்த்துக்கொண்டார். அஸர் தொழுதபின் பல்லாங்குழியும் புளியங்கொட்டையுமாகப் பேரனுடன் உட்கார்ந்துவிடுவார். அவர் வேண்டுமென்றே தோற்கிறார் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. பிளாஸ்திரியைப் பிய்த்தால் ஆட்டம் செல்லாது என்பது விதி. ஆய்வுகளில் காணாத மருந்து இது!

எட்டு மாதங்கள் ஆகின்றன. இடக்கண்ணால் மேல்வரிசைப் பெரிய எழுத்தை மட்டும் படித்தவன், ஐந்தாம் வரிசைக்கு வந்திருக்கிறான். முழுப் பார்வை வருமா என்பதற்கு மருத்துவர் உறுதி கூறவில்லை. நான்கு வயதில் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். மருத்துவமனையில் ஒரு பெரிய ஈயின் படம் வைத்திருக்கிறார்கள். தனிக் கண்ணாடி அணிந்து இரு கண்ணாலும் பார்த்தால் ஈயின் சிறகு தாளுக்கு மேலே எழுந்து நிற்கும். முதல் முறை அவன் தாளைத் தொட்டான். சென்ற முறை தாளுக்கு மேலே, வெறுங்காற்றில் இரு விரல்களால் சிறகைப் பிடிக்கப் போனானாம். பாட்டியார் இதை என்னிடம் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

இப்போது புதிதாக ஓதச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளன்று ஒவ்வொரு கண்ணையும் நானே ஒரு அட்டையால் மறைத்துப் பலகையின் புள்ளிகளை எண்ணச் சொல்கிறேன். விரலிடுக்குக்கு இடமில்லை. கண் மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது, தெரியும். உங்கள் வீட்டிலும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் பிள்ளை முரண்டு பிடித்து உங்கள் கையைத் தள்ளினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சென்ற மாதம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித் தள்ளினாள். "பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வயசிலேயே கண்ணாடியா ஹஜ்ரத்? நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று தாயார் தயங்கினார். நான் பதில் சொல்லவில்லை. பையனின் பாட்டியாரை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். வரும் சனிக்கிழமை எல்லோருமாக மதுரைக்குப் போகிறோம்.