நத்தை ஊரும் வேளை

ஆபிரிக்க நத்தையின் நடத்தையை ஆராயப் புகுந்த நான், முதல் மூன்று மாதங்களில் ஒரு நத்தையையேனும் தொட்டுப் பார்த்தவனல்லன். கணினித் திரையே எனது ஆய்வுக் களமாயிற்று. 2008இல் கலிபோர்னியாவிலே தொடங்கப்பெற்ற ஐநேச்சுரலிஸ்ட் என்னும் இணையத்தளத்தில், பல நாட்டவரும் தாம் கண்ட உயிரினங்களின் ஒளிப்படங்களை இடமும் நேரமும் குறித்துப் பதிந்து வருகின்றனர். நத்தைப் படங்களைத் திரட்டி நேரவாரியாக வகுத்தால், அது நடமாடும் வேளை தானே புலப்படும் என எண்ணினேன்.

கிழக்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்நத்தை இங்கு தானாக ஊர்ந்து வந்ததன்று. 1847இல் பென்சன் என்பார் அதனை மொரீசியசிலிருந்து கொணர்ந்து கல்கத்தாவில் விட்டுச் சென்றார். அங்கிருந்து 1900ஆம் ஆண்டளவில் இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றை அடைந்தது. ஒரு முறையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்ல பிராணிக்கு அதன் பின்னர் எவர் துணையும் வேண்டியிருக்கவில்லை.

எனது வரைபு காலை எட்டு மணியளவில் உச்சத்தை எட்டியது. நள்ளிரவில் ஏறக்குறைய வெறுமையாய்க் கிடந்தது. கண்டியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டிற்கு விடுமுறையில் சென்றபோது, பெருமிதத்தோடு அதனை அம்மாவிடம் காட்டினேன்.

"காலமையோ? விடிய முன்னம் எல்லாம் போய் ஒளிச்சிடும், தம்பி. நான் இரவு பத்து மணிக்கு எழும்பியெல்லோ பொறுக்கிறனான்!"

நான் வரைந்தது நத்தையின் நாளன்று, மனிதரின் நாள். வேலைக்குப் புறப்படுவோர், இரவு மழைக்குப்பின் மதிலில் ஒட்டியிருந்த நத்தையைக் கண்டு படமெடுத்திருக்கின்றனர். நத்தை மேயும் வேளையிலோ அவர்கள் உறங்கினர். புதியதோர் ஊரில் நத்தை தலைகாட்டியதை அறிய இத்தகைய தரவுகளைப் போல் உதவுவது பிறிதில்லை; அதனை நான் இன்றும் மறுக்கேன். ஆயினும், எனது வரைபை நம்பி விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கமக்காரரைக் காலையில் நத்தை பொறுக்க அனுப்பியிருந்தால், அவர்களின் உழைப்பு வீணாகியிருக்கும், பயிரும் போயிருக்கும். அந்நினைவு என்னை வெட்கமுறச் செய்தது.

அன்றிரவு கையுறை அணிந்து அம்மாவுடன் கோடிப்புறம் சென்றேன். (எலியின் நுரையீரற் புழுவை இந்நத்தை சுமப்பதாதலின் வெறுங்கையால் தொடலாகாது; அம்மாவுக்கு இதனைச் சொன்னது மட்டுமே எனது படிப்பினால் விளைந்த பயன்.) பத்தரை மணிக்குள் போஞ்சிப் பந்தலின் கீழ் 41 நத்தைகளை எண்ணினேன். அவற்றுள் ஒன்றைத்தானும் நான் படமெடுக்கவில்லை. ஒரு கையில் மின்சூளும் மறுகையில் வாளியும் இருந்தன.