கரும்புகை விட்ட ஜீப்புக்கு ஒரு டர்போ

டர்போன்னு சொன்னா டவுன்ல இருக்கிறவங்களுக்கு ரேஸ் காரும் விசில் சத்தமும்தான் ஞாபகம் வரும். எங்க பக்கம் அது வேற விஷயம். மலையில மூச்சு முட்டுற வண்டிக்குக் கொஞ்சம் காத்தை ஊதி விடுறது, அவ்வளவுதான். எங்க பழைய ஜீப்புக்கு என் தங்கச்சி மகன் தன் கையாலயே டர்போ பொருத்தினதைப் பத்தி இன்னைக்கு எழுதுறேன்.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. சுமார் 4,500 அடி உயரம். அதைத் தாண்டி கேரளப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கு. தோட்டம் பள்ளத்துல. காய் உலர்த்துற ஸ்டோர் மேட்டுல. நடுவுல மூணு கிலோமீட்டர் மண்பாதை, எஸ்டேட்டுக்குள்ளயே போகுது. பறிச்ச பச்சைக்காய் அன்னைக்கே ஸ்டோருக்குப் போயாகணும். வச்சிருந்தா பச்சை நிறம் மங்கிடும், ஏலத்துல விலை விழுந்துடும். அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ஞ்சா ஒரு கிலோ தேறும். அதுலயும் நிறம் போச்சுன்னா என்ன மிஞ்சும் சொல்லுங்க.

இந்தப் பாதைக்குன்னே நிக்குது எங்க ஜீப்பு. மஹிந்திரா எம்எம் 540, 94-ம் வருஷ வண்டி. உள்ள இருக்கிறது பிரெஞ்சுக்காரங்க பெஜோ கம்பெனி உருவாக்கின எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். 2,112 சிசி, 62 குதிரைத்திறன். அது கடல் மட்டத்துக் கணக்கு. மேல போகப் போக காத்து லேசாகும். கீழ காத்தோட அழுத்தம் 14.7 பிஎஸ்ஐன்னா, மெட்டு உயரத்துல ஏறக்குறைய 12.5 தான். ஆறுல ஒரு பங்கு காத்தை மலையே எடுத்துக்குது. ஆனா டீசல் பம்ப்புக்கு அது தெரியாது. கீழ ஊத்துற அளவுதான் மேலயும் ஊத்தும். எரிய காத்து பத்தாத டீசல் கரும்புகையா வெளிய வரும்.

அந்தப் புகையில உக்காந்து வர்றது யாரு? பறிப்புக்கு வர்ற எட்டுப் பொம்பளைங்க. பாறை வளைவுல வண்டி திணறி நின்னா எல்லாரும் எறங்கணும். சில நாள் மூட்டையையும் எறக்கித் தலையில வச்சு மழையில நடந்து ஏறுவாங்க. போன வருஷம் ரெண்டு பேர் நேராவே சொல்லிட்டாங்க, "அண்ணே, வேற தோட்டத்துல ரோட்டுலயே எறக்கி விடுறாங்க"ன்னு. அவங்க சொன்னதுல தப்பே இல்லை. பறிக்க ஆள் வரலைன்னா ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுட்டுக் கீழ வந்துட வேண்டியதுதான். புது பிக்கப் வாங்க வசதி இல்லை.

தங்கச்சி மகன் ஐடிஐ டீசல் மெக்கானிக் முடிச்சுட்டு போடியில ஒரு லேத் பட்டறையில இருக்கான். அவன்தான் சொன்னான், "மாமா, இன்ஜின்ல கோளாறு இல்ல, அதுக்கு மூச்சுதான் பத்தல"ன்னு. டர்போவோட வேலையை ஒரு நிமிஷத்துல விளக்கினான். சைலன்சர் வழியா வீணாப் போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்துது. அதே தண்டோட மறுமுனையில இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுது. தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேலயும் போகும்.

இது ஒண்ணும் புது யோசனை இல்லை. சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லயே காப்புரிமை எடுத்திருக்கார். 1918-ல அமெரிக்காவுல சான்ஃபோர்டு மாஸ்னு ஒருத்தர், விமான இன்ஜினை 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலைக்கே கொண்டுபோய் டர்போ மாட்டி ஓட்டிப் பார்த்தாராம். கீழ கிடைக்கிற சக்தி மேலயும் கிடைச்சிருக்கு. எங்களுக்கு வேண்டியதும் அதேதான். இன்னொரு தெம்பு, எங்க ஜீப்பு இன்ஜினோட குடும்பத்துலயே பிறந்த 2,304 சிசி இன்ஜினுக்கு 1979-ல பெஜோ கம்பெனியே டர்போ வச்சு 604 கார்ல வித்திருக்கு.

வீட்டுல இதைச் சொன்னப்போ என் சம்சாரம் கேட்டது ஒரே கேள்வி. "ஏறுறது இருக்கட்டும். எறங்குறப்போ புடிக்குமா?"

சரியான கேள்வி. டர்போ ஏறத்தான் உதவும், எறங்க உதவாது. அதனால முதல் செலவு பிரேக்குக்குத்தான். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், பழைய ஆயிலைக் கொட்டிட்டுப் புது பிரேக் ஆயில். அடுத்து இன்ஜின்ல கம்ப்ரஷன் பார்த்தான். நாலு சிலிண்டரும் ஒண்ணுபோல நின்னுச்சு. அதுல குறை இருந்திருந்தா டர்போ பேச்சே வேணாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தான். தேஞ்ச இன்ஜினுக்கு டர்போ வச்சா சீக்கிரம் சாகும்.

டர்போ காயலான் கடையில கிடைச்சது. அடிபட்ட பொலீரோவோடது. அது 2,523 சிசி இன்ஜினுக்கு வச்சது, நம்ம இன்ஜினுக்கும் அளவு ஒத்துப்போகும். பேரிங், சீல் எல்லாம் மாத்தினோம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பட்டறையிலயே செஞ்சான். 12 மில்லி தகட்டுல ஃபிளேஞ்ச் வெட்டி, கனமான இரும்புக் குழாய் வளைவை வெல்டிங் வச்சு, சூட்டுல கோணின முகத்தை லேத்துல சமம் பண்ணினான். அதுக்கே மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

ஆயில் பைப்புதான் முக்கியம்னு சொன்னான். டர்போ தண்டு ஆயில் மேல மிதந்துதான் சுத்துது. ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிற கடையில அளவு கொடுத்து ஆயில் போற பைப் செஞ்சோம். திரும்பி வர்ற பைப் அதைவிட நல்ல பருமனா இருக்கணும். ஆயில் நுரையா வரும், தானா வழிஞ்சு எறங்கணும், நடுவுல எங்கயும் மேடு பள்ளம் கூடாது. சம்ப்புல ஆயில் மட்டத்துக்கு மேல ஓட்டை போட்டு அதைச் சேர்த்தான். பழைய ஆயில் பாத் ஃபில்டரை எடுத்துட்டு பெரிய பேப்பர் ஃபில்டர் வச்சான்.

இனிமேதான் விஷயமே. டீசல் வண்டிக்கு டர்போ மட்டும் வச்சா சக்தி பெருசா ஏறாது. பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினாத்தான் ஏறும். பட்டறையில பாதிப் பேர் "திருகி விடுடா, பறக்கும்"னாங்க. இந்த இன்ஜினோட கம்ப்ரஷனே ஜாஸ்தி. டீசலைக் கூட்டினா சூடு ஏறி பிஸ்டன் உருகும். எங்களுக்குப் பறக்கத் தேவையில்லை. மலை எடுத்துக்கிட்டதைத் திருப்பி வாங்கினா போதும். புகையாப் போற டீசல் முழுசா எரிஞ்சாலே அது கிடைச்சுடும். அதனால பம்ப்பைத் தொடவே இல்லை. காத்தழுத்தம் நாலஞ்சு பிஎஸ்ஐக்குள்ளயே நிக்குது. இவ்வளவு கம்மிக்கு இன்டர்கூலரும் வேண்டியதில்லை. புகைச் சூட்டைப் பார்க்க ஒரு மீட்டர் வச்சிருக்கான். 700 டிகிரி தாண்டக்கூடாதுன்னு கோடு போட்டிருக்கான். இதுவரை 620-க்கு மேல போகலை.

செலவையும் சொல்லிடுறேன். பழைய டர்போ 7,000. பேரிங், சீல் 3,800. மேனிஃபோல்டு 4,500. ஆயில் ஹோஸ் 1,600. சிலிகான் ஹோஸ், கிளிப் 1,900. ரெண்டு மீட்டர் 3,200. பிரேக் வேலை 5,500. மொத்தம் 27,500 ரூபாய். மருமகன் கூலி வாங்க மாட்டேன்னுட்டான். தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு கிலோ முதல்தரக் காய் அனுப்பினேன்.

இப்போ ஏழு மாசம் ஓடியாச்சு. முன்னாடி ஏற 35 நிமிஷம், நடுவுல ரெண்டு தடவை நிக்கும். இப்போ நிக்காம 25 நிமிஷம். புகை நல்லாக் குறைஞ்சிடுச்சு. டீசல் செலவுல பெரிய மாத்தம் இல்லை. ஓட்டுற விதம் மாறணும். 1,500 சுத்துக்குக் கீழ டர்போ வேலை செய்யாது, அதனால லோ கியர்ல போட்டு இன்ஜினைக் கொஞ்சம் இரைய விட்டே ஏத்தணும். ஆயிலும் முன்னைவிட சீக்கிரம் மாத்தணும். மேல வந்ததும் டக்குன்னு நிறுத்தக்கூடாது. ஒரு நிமிஷமாவது சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கணும். இல்லாட்டி சூட்டுல ஆயில் கருகித் தண்டு புடிச்சுக்கும்.

படிச்சுட்டு யாரும் உங்க பழைய மாருதி, அம்பாசிடர் பெட்ரோல் வண்டிக்கு இதைச் செஞ்சுடாதீங்க. பெட்ரோல் இன்ஜின் குணம் வேற. காத்தைக் கூட்டினா நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும். சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தி ரோட்டுல ஓட்டக்கூடாது. எங்க ஜீப்பு தோட்டப் பாதையை விட்டு வெளிய வர்றதில்லை. போடிக்கு எறங்க நாங்களே பஸ்ஸுலதான் வர்றோம்.

பறிப்புக்கு வர்றவங்க எட்டுப் பேரும் இந்த வருஷமும் வந்தாங்க. அதுல மூத்த பெரியம்மா மட்டும் பாறை வளைவுல இன்னும் எறங்கி நடக்குது. "வண்டி ஏறுதுப்பா, எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை ஏறல"ன்னு சொல்லுது. நானும் வற்புறுத்துறதில்லை. அடுத்த சுத்துப் பறிப்புக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள பாதையில மழை அறுத்த இடத்துக்குக் கல்லு போடணும். டர்போவால அதைச் செய்ய முடியாதில்ல.