உதைக்கும் முன் முள்ளைப் பார்

பழைய புல்லட்டைக் கிளப்பக் கால்பலம் வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. திருவொற்றியூர் ஆலையில் செய்த 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் கேட்பது பலத்தை அல்ல, பொறுமையை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த ஒற்றை சிலிண்டரில் அடைபட்ட காற்றோடு கால் மல்லுக்கட்டத் தேவையில்லை. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அமுக்கினால், கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும் அம்மீட்டர் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே அடைபட்ட காற்றை வெளியேற்றும் டீகம்ப்ரஸ்ஸர் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடிவரை சீராக மிதிக்க வேண்டும். அடுத்த அழுத்தம் வருவதற்குள் கனத்த ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். மீதி அதன் வேலை.

இந்த ஒரு நிமிடத்தில் வண்டி தன் உடல்நிலையையும் சொல்லிவிடுகிறது என்பதே என் வாதம். முள் அசையவே இல்லையென்றால் பேட்டரியில் உயிரில்லை, அல்லது பாயிண்டில் அழுக்கு. சாய்ந்த முள் திரும்பவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை: அதன் ஃபைபர் குதி தேயத்தேய இடைவெளி குறைந்து, டைமிங்கும் பின்தங்கிவிடும். ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் திருப்பி வைத்தால் போதும். கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் டைமிங் முந்தியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காலுக்கு எதிர்ப்பே தெரியவில்லையா? எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனை அழுத்த உச்சியில் நிறுத்தி, டேப்பட் மூடியைக் கழற்றி, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்க்கலாம். மேலும் கீழும் ஆட்டமில்லாமல் தாராளமாகச் சுழன்றால் சரி. இறுகியிருந்தால் வால்வு முழுதாக உட்காராமல் அழுத்தம் கசியும். அங்கே குறையில்லையென்றால்தான் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் பட்டன் இருக்க இந்தப் பாடு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். முழங்கால் வலி உள்ளவருக்குப் பட்டன் வண்டி ஓட்டும் உரிமையையே திருப்பித் தந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் குறையோடு சேர்த்தே எஞ்சினைச் சுற்றிவிடும், குறை வளர்ந்த பிறகே வெளியே தெரியும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் பாயிண்ட் தொல்லை தீருமே என்பார்கள். தீரும். ஆனால் பாயிண்டை வழியோரத்தில் மெல்லிய எம்ரித் தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். கெட்டுப்போன எலெக்ட்ரானிக் பெட்டிக்கு மாற்றுப் பெட்டிதான் வேண்டும். எதை மாட்டினாலும் டேப்பட் இறுகுவதும் ரிங் தேய்வதும் நிற்கப்போவதில்லை.