மனைவிக்கு முதல் பைக்

கணவன் பைக் ஓட்டுகிற வீட்டில் மனைவிக்கும் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால் முதலில் வருவது சி.சி. கணக்கு. நூறா, நூற்றைம்பதா, இருநூறைத் தாண்டலாமா என்று அதிலேயே பேச்சு சுற்றும். புதிதாக ஓட்ட வருபவரைப் பெரும்பாலும் கலங்கடிப்பதோ வண்டி நிற்கும் நேரமும் ஊர்ந்து போகும் நேரமும்தான். சிக்னலில் காலை ஊன்றும்போது, குறுகிய தெருவில் திருப்பும்போது, சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது வண்டி சாய்கிறது. அந்தச் சாய்வைத் தாங்க முடியுமா என்பதைச் சீட்டின் உயரமும் எடையும் சொல்லும், சி.சி. சொல்லாது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ. அந்த உயரமுள்ளவருக்கு இடுப்புக் கவட்டிலிருந்து குதிகால் வரை 70 செ.மீ. அளவில் இருக்கும். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் சீட் தரையிலிருந்து 785 மி.மீ. உயரம். ராயல் என்ஃபீல்ட் ஹன்டர் 350-இன் சீட் 790, கிளாசிக் 350-இன் சீட் 805, பஜாஜ் அவெஞ்சரின் சீட் 737. வெறும் எண்களைப் பார்த்தால் எதுவுமே எட்டாது போலத் தோன்றும். ஆனால் ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் சில செ.மீ. அமுங்கும், ஷூவின் அடித்தோல் கொஞ்சம் உயரம் தரும். மிச்சத்தைத் தீர்மானிப்பது சீட்டின் முன்பக்க அகலம். அகலமான சீட் தொடைகளை விரித்து, காலின் நீளத்தை விழுங்கிவிடும். ஒடுங்கிய சீட் என்றால் கால் நேராகக் கீழே இறங்கும். அதனால் ஒரே உயரம் அச்சிட்ட இரண்டு பைக்குகளில் ஒன்று எட்டும், மற்றொன்று எட்டாது. விவரத்தாளை மட்டும் நம்பி முன்பணம் கட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரு பாதங்களின் முன்பகுதி ஊன்றினால் போதும். அதுவும் முடியாவிட்டால் இடுப்பைச் சற்று இடப்புறம் நகர்த்தி, இடது பாதத்தை முழுதாக ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். உயரம் குறைந்த பலர் காலமெல்லாம் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் முதல் சில மாதங்களில் இந்த உத்தியையும் சேர்த்துக் கற்கச் சொல்வது கூடுதல் சுமை. சீட் தைக்கும் கடையில் கொடுத்து, ஸ்பாஞ்சின் முன்பக்க ஓரங்களைச் செதுக்கி வாங்குவது செலவு குறைந்த வழி, பெரும்பாலும் போதுமான வழியும் கூட. சஸ்பென்ஷனையே தாழ்த்தினால் வேகத்தடையில் வண்டியின் அடிப்பகுதி தட்டும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிப் போய் வண்டி நெட்டுக்குத்தாக நிற்கும், லேசாக இடித்தாலே மறுபக்கம் விழும்.

அடுத்தது எடை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. டி.வி.எஸ். ரோனின் சுமார் 160. ஹன்டர் 180-ஐ ஒட்டி. கிளாசிக் 195. ஓடத் தொடங்கிய பின் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டு வாசலில், பார்க்கிங்கில், பெட்ரோல் பங்கில்தான் தெரியும். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவதும், இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து உருவி எடுப்பதும் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு முறையும் யாரையாவது உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தால் தனியாகக் கிளம்பும் ஆசையே வற்றிவிடும். வண்டி வாங்குவதே தனியாகக் கிளம்புவதற்காகத்தான்.

இன்ஜின் விஷயத்தில் குதிரைத்திறனைவிடக் குணம் முக்கியம். ஹன்டரின் 349 சி.சி. இன்ஜின் சுமார் 20 குதிரைத்திறன்தான் தருகிறது. ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவை இருப்பதால் கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கே.டி.எம். டியூக் 200 அளவில் சிறிய இன்ஜின், திறன் ஏறக்குறைய 25. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே துள்ளும். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, அந்தக் குலுக்கலில் ஒரு பக்கம் சாய்வது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. ஆகவே கிளட்ச் மென்மையாக இருக்கிறதா, சிறிய கைக்கு லீவர் எட்டுகிறதா என்று பார்ப்பது டாப் ஸ்பீடைக் கேட்பதைவிடப் பயன் தரும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் கீழே இரு பிரேக்கையும் இணைத்து இயக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்றது அந்த விதி. பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிடும் பழக்கம் தொடக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே 150, 160 சி.சி. வண்டிகளை முதல் பைக்காகத் தாராளமாக எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே நிற்கும் பழைய புல்லட்டில் பழகட்டும் என்ற யோசனை அன்பிலிருந்து வருவதுதான், ஆனாலும் அது வேண்டாம். எடை ஒருபுறமிருக்க, பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகிய கால், வேறு வண்டியில் ஆபத்து நேரத்தில் தப்பான பெடலைத் தேடும்.

பின்சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 123-ஆவது விதிப்படி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும். அவருடைய உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் வேண்டும். கடைக்காரர்கள் சேலை கார்டு என்று சொல்வது இதைத்தான். நல்ல விதி, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். பெண்ணைப் பின்சீட்டில் நினைத்துப் பார்ப்பது விதி எழுதியவர்களுக்கு எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது என்பதும் அதில் தெரிகிறது.

முன்சீட்டில் பெண் அமர்ந்த வரலாறோ அந்த விதியைவிட அரை நூற்றாண்டாவது பழையது. இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் அருகே 1907-இல் திறந்த புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தளத்தில், போட்டியின்போது ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தவருக்குத் தங்க நட்சத்திரம் வழங்குவார்கள். அதைப் பெற்ற பெண்கள் மூன்றே பேர். 1934-இல் ஃப்ளாரன்ஸ் பிளெங்கிரன், அதே ஆண்டில் பீட்ரிஸ் ஷில்லிங், 1939-இல் தெரசா வாலக். ஷில்லிங் பதினான்கு வயதிலேயே சொந்தமாக ஒரு பைக் வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். பின்னாளில் ஃபார்ன்பரோவின் அரசு விமான ஆய்வு நிலையத்தில் பொறியாளர். தன்னை மணக்க விரும்பிய ஜார்ஜ் நெய்லர் அந்த நட்சத்திரத்தை வாங்கி வந்தால்தான் கல்யாணம் என்று அவர் நிபந்தனை போட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, இருவருக்கும் 1938-இல் திருமணம் நடந்தது. துணைவரின் பைக் தகுதியை நிர்ணயிக்கும் உரிமை அந்த வீட்டில் மனைவியிடம் இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதே மகிழ்ச்சியாக இருக்கிறது.

வாலக் அந்த வேகத்தை எட்டியது 350 சி.சி. நார்ட்டனில், இரவல் வண்டியில். அதற்கு முன்பே, 1934 டிசம்பரில், அவரும் பிளெங்கிரனும் 600 சி.சி. பேந்தர் ஒன்றில் சைடு காரும் டிரெய்லரும் பூட்டி லண்டனிலிருந்து கிளம்பி, சகாராவைக் கடந்து, மறுவருடம் ஜூலையில் கேப் டவுன் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இவ்வளவும் செய்த வாலக் பிற்காலத்தில் அமெரிக்காவில் செய்த வேலைதான் இங்கே முக்கியம். சிகாகோவில் பைக் கடை நடத்தியபோது, ஓட்டத் தெரியாமல் வாங்க வந்தவர்களுக்குத் தானே கற்றுக்கொடுத்த பிறகுதான் வண்டியை விற்றார். ‘ஈஸி மோட்டார்சைக்கிள் ரைடிங்’ என்ற புத்தகத்தை 1970-இல் வெளியிட்டார். பிறகு ஃபீனிக்ஸில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். விற்பனையைவிடப் பயிற்சியை முன்னால் வைத்த அப்படி ஒரு கடைக்காரர் எல்லா ஊருக்கும் வேண்டும்.

கற்றுக்கொடுப்பது கணவனாக இருக்க வேண்டியதில்லை. பல வருடம் ஓட்டியவருக்குக் கிளட்ச் விடுவது தன்னையறியாமல் நடக்கும் செயல். அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்ல வராது. குரல் உயரும், கற்பவருக்குக் கை நடுங்கும். பொறுமையான ஒரு தோழியோ பயிற்சியாளரோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காலியான மைதானத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டு வண்டியை ஊரவைப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஸ்கூட்டர் ஓட்ட உரிமம் இருப்பவர்கள் அதில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் பெற்ற உரிமம் பைக்குக்குச் செல்லாது. கியர் வண்டிப் பிரிவைச் சேர்க்க எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட வேண்டும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எட்டுப் போடுவதற்கு எடை குறைந்த, ஹேண்டில்பார் நன்றாகத் திரும்பும் வண்டி எவ்வளவு உதவும் என்பது அன்று தெரியும்.

முதல் பைக் ஒன்றிரண்டு முறையாவது விழும். ஆகையால் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை வாங்கி, கிராஷ் கார்டு போட்டு, மிச்சப்பட்ட பணத்தில் ஓட்டப்போகிறவர் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் ஷூவும் வாங்குவது உத்தமம். கணவனின் பழைய ஹெல்மெட் தளர்வாக இருந்தால் விழும்போது கழன்றுவிடும். வண்டி பார்க்கப் போகும் நாளில் ஓட்டப்போகிறவரே அந்த ஷூவோடு வர வேண்டும். உட்கார்ந்து பார்த்து, ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பத்தடி பின்னுக்குத் தள்ளி, தெருமுனையில் ஒரு யூ டர்ன் அடித்த பிறகு, எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும். ஆர்.சி.யும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.