பனியில் நான்கு சக்கரம்

லே பக்கம் ராணுவ வண்டி ஓட்டிய காலத்தில், நான்கு சக்கரமும் இழுக்கும் ஜிப்சி இருந்தால் பனிக்குப் பயமில்லை என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். அது ஏறுவதற்குத்தான். பிரேக் பிடிக்கும்போது எல்லா ஜீப்புக்கும் நான்கு சக்கரம்தானே!

சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் பனிக்கட்டியில் சுழன்றால், மண்ணில் நிற்கும் மற்றதற்கும் விசை போகாது. சில வண்டிகளில் இருக்கும் லிமிடெட் ஸ்லிப், உள்ளே கிளட்ச் தட்டுகளால் இரண்டையும் ஓரளவு பிணைக்கும்; வண்டி கிளம்பிவிடும். ஆனால் வழுக்கும் வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுழலும். பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது, வால் பள்ளத்துப் பக்கம் போகும்.

கர்துங் லா இறக்கத்தில் சங்கிலி மாட்டி, முதல் கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் வருவேன். "அண்ணே, நடந்தே போயிடலாம் போல" என்பார்கள் பின்னால் இருப்பவர்கள். எல்லோரும் முகாமில் இறங்கி நடந்துதான் போனார்கள்.