பழைய கணினியும் நாம் கேட்கத் தவறிய கேள்வியும்



சிலமலையில் நம் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ் 7020, சிறிய பெட்டி வகை. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம், ஒரு ஹார்டு டிஸ்க். மகனின் படிப்புக்காக ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கியது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்து, ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்தான் அவன். "அத்தா, கால்பந்து விளையாட்டு ஓடும் அளவுக்கு இதைச் சரிசெய்து கொள்ளட்டுமா?" என்று கேட்டான்.

வீண்விரயம் ஆகிவிடுமோ என்று முதலில் தயங்கினோம். ஆனால் விரயத்தைத் தடுக்கும் மார்க்கம் கஞ்சத்தனத்தையும் விரும்புவதில்லை. நடுநிலையைப் புகழ்கிறது (25:67). பணமோ அவனது ஹலாலான உழைப்பு. பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது, பாங்கு சொன்னால் அணைத்துவிட வேண்டும், கணினி முன்னறையை விட்டு நகரக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளோடு சம்மதித்தோம்.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. பெரியவர் என்ற எண்ணத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு நாமே கடைக்குப் போனோம். "விளையாட்டுக்கு மின்சக்தி அதிகம் வேண்டும்" என்று யாரோ சொன்னதை நம்பி, 2,200 ரூபாய்க்கு 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கினோம். இஷாவுக்குப் பின் பெட்டியைத் திறந்து பார்த்தால், அது உள்ளே நுழையவே இல்லை. இணைப்பும் பொருந்தவில்லை. பொதுவான எஸ்எம்பிஎஸ்ஸில் 24 முனை இணைப்பு. இந்தக் கணினியின் போர்டிலோ அந்நிறுவனத்துக்கே உரிய 8 முனை இணைப்பு. பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்பப் பெறவில்லை. ஏழு நாள் கூலிக்கும் மேலான தொகை போயிற்று.

மகன் கோபப்படவில்லை. தன் நோட்டை எடுத்துக் காட்டினான். அந்த 8 முனை விவரம் அதில் முன்பே எழுதப்பட்டிருந்தது.

"ஏன் சொல்லவில்லை?" என்றோம்.

"நீங்கள் கேட்கவில்லையே, அத்தா."

அறியாததை அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்ற இறைக்கட்டளையை (16:43) மதரஸாவில் எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம்! அறிந்தவர் நம் வீட்டிலேயே, நம்மைவிட வயதில் சிறியவராக இருக்கக்கூடும் என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று. தவறு நம்முடையது; எனவே அந்த 2,200 ரூபாயை நம் சம்பளத்திலிருந்து அவனிடம் திருப்பிக் கொடுத்தோம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவன் சொல்ல, நாம் கேட்டோம். "தோட்டத்தில் எவ்வளவு காய் பறித்தாலும், உலர்த்தும் டிரையர் கொள்ளும் அளவுதானே உலரும், அத்தா? கணினியும் அப்படித்தான்" என்றான். எது தடையாக நிற்கிறதோ, அதை மட்டும் மாற்ற வேண்டும்.

இதிலுள்ள எஸ்எம்பிஎஸ் 255 வாட்தான். போர்டின் ஸ்லாட் தருவதோ அதிகபட்சம் 75 வாட். எனவே தனி மின்இணைப்பு கேட்காத, பாதி உயரமுள்ள கார்டு மட்டுமே பொருந்தும். பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றை, கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தபின் 5,200 ரூபாய்க்கு வாங்கினான். இருந்த ரேமுக்கு இணையாக இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் 600 ரூபாய். இரண்டும் சேர்ந்து இயங்கும்போது வேகம் கூடும். எஸ்எஸ்டி 1,500. தூசியைத் துடைத்து, பிராசசருக்குப் புதிய பேஸ்ட் தடவ 150. மொத்தம் 7,450 ரூபாய். விளையாட்டு தடங்கலின்றி ஓடியது, அல்ஹம்துலில்லாஹ்.

மீதியையும் இதிலேயே போடலாமே என்றோம். மறுத்துவிட்டான். இந்த பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. "இதற்கு மேல் செலவிட்டால் அதுதான் விரயம், அத்தா" என்றான். விரயம் என்ற சொல்லை அன்று அவனிடமிருந்து கேட்டோம்.

அந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ் இன்னும் நம் கிதாபு அலமாரியின் மேல் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நமக்கு, அவர்களிடம் கேட்கும் பணிவையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.