இருபது பேர்ச்சஸ் மண்

வெள்ளவத்தைச் சந்தையில் லீக்ஸ் வாங்கினால் கடைக்காரரைக் கழுவ விடமாட்டேன். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, இலை பிரியும் இடத்தை நகத்தால் விலக்கிப் பார்ப்பேன். ஒரு சிட்டிகை மண் அங்கே ஒளிந்திருக்கும். கறுத்த, ஈரம் போகாத மண். லீக்ஸின் தண்டு வெள்ளையாக நீள வேண்டுமென்றால், செடி வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் மண் இலை மடிப்புக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கொழும்புக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. அந்த மண்ணைக் குழாய்த் தண்ணீரில் போக விட எனக்கு இன்னும் மனம் வந்ததில்லை. துளசித் தொட்டியில்தான் தட்டுவேன்.

மத்திய மாகாணத்தில், நுவரெலியாவைத் தாண்டிக் கந்தப்பளைப் பக்கம், ஆறாயிரம் அடிக்கு மேல் இருந்தது எங்கள் தோட்டம். லயத்துக்குப் பின்னால், மாட்டுப்பட்டியைத் தாண்டி, நிலம் ஓடைக்குச் சரியும் இடத்தில் எங்கள் துண்டு. தேயிலை வைக்க லாயக்கில்லை என்று துரைமார் விட்டுவைத்த சரிவு. தாத்தா கல் பொறுக்கி, மூன்று படியாகக் கட்டி, அதை நிலமாக்கினார். காலடியால் அளந்துவிட்டு "இருபது பேர்ச்சஸ் வரும்" என்பார். வேலி, அப்பாயியின் கிழிந்த சேலைகள். இரவில் மரை இறங்கி வந்தால் காற்றில் ஆடும் சேலையைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடும். முள்ளம்பன்றிக்கு அந்தப் பயமும் கிடையாது. தாத்தா பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பார்.

துண்டு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு பொருளும் உண்டு. பூட்டன் காலத்தில் துண்டு என்றால் கடன் சீட்டு. இந்த ஆள் இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடன் துண்டுக்குக் காகிதம் இருந்தது. தாத்தாவின் மண் துண்டுக்குக் கடைசிவரை ஒரு காகிதம் வரவில்லை.

கேரட், கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாமே அந்த மலைக்குப் புதியவைதான். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை போட்டபோது சீமை விதைகளையும் மாடுகளையும் கப்பலில் கொண்டுவந்தார். எங்களைப் போலவே கடல் தாண்டி வந்த பயிர்கள். அவை அங்கே ஊன்றிக்கொண்டன.

என் நினைவில் அதிகம் வருவது ஜனவரி மாதத்து விடியல். அந்த நாட்களில் பனி கொட்டும். கதவைத் திறந்தால் கிழங்குச் செடிகளின் மேல் உப்புத் தூவியதுபோல் கிடக்கும். வெயில் மேலே படுவதற்குள் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் பத்து மணிக்குள் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றிய கீரைபோல் தொங்கிவிடும். அம்மா பெரட்டுக்கு ஓட வேண்டும், அப்பா கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். ஆகவே பூவாளி என் கையிலும் தம்பி கையிலும். ஓடைத் தண்ணீர் அந்த நேரத்தில் காற்றைவிடச் சூடாக இருக்கும். பூவாளியை நிரப்பும் சாக்கில் இரண்டு கையையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே இருப்போம். மேல் படியிலிருந்து அப்பாயி சத்தம் போடும்: "கெழக்கால ஓரத்த மொதல்ல ஊத்து ராசா, வெயிலு அங்கதான் மொதல்ல வரும்." பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டியும் இடிசம்பலும், வாய் சுடச்சுடச் சாயத் தண்ணி. அந்தச் சூட்டுக்கு ஈடாக எதையும் நான் பிறகு குடித்ததில்லை.

அப்பா கவ்வாத்துக் கணக்கை முடித்துவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கே வந்துவிடுவார். சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத் துண்டில் இறங்கினால் அவர் வேறு ஆள். மலையில் கங்காணி சத்தத்துக்குத் தலை குனிந்து நிற்பவர், இங்கே எந்தப் படியில் என்ன போடுவது, எதை எப்போது பிடுங்குவது என்று தானே தீர்மானிப்பார். விதைக்கிழங்கைக் கட்டிலுக்கடியில் பரப்பி முளைவிட வைப்பார். நாங்கள் அதன்மேல்தான் தூங்குவோம். இரவில் கிழங்கு வாசம் வரும்.

தோட்டத்துச் சம்பளம் பத்தாம் தேதி. இருபது தாண்டினால் கடைக்காரரின் கடன் கொப்பிதான் எங்கள் பேச்சு. அந்த மாதக் கடைசிகளைக் கடத்தியது லீக்ஸ். லொறி வரும் நாளில் ஓடையில் கேரட்டைச் சாக்கோடு போட்டு மிதித்துக் கழுவி ஏற்றிவிடுவோம். என் உயர்தர வகுப்புக் காசு அப்படித்தான் வந்தது. அதற்கும் முன்பு, 1974 பஞ்சத்தில், மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, இந்தத் துண்டின் பூசணி இலையும் வற்றாளைக் கொடியும்தான் வீட்டில் ஏழு பேரைப் பிழைக்க வைத்தன. இதை அப்பாயி நூறு தடவை சொல்லியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி முடிக்கும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. சில வருடங்களில், நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம், ஒரு காலையில் எங்கள் சரிவு முழுக்கக் குச்சி நட்டிருந்தார்கள். டர்பன்டைன் மரம் வைக்கப் போகிறார்களாம். அப்பா கந்தோருக்குப் போய்க் கேட்டார். நிலம் உன்னுடையது என்பதற்குக் கடிதாசி இருக்கிறதா என்று கேட்டார்களாம். அவர் பேசாமல் வந்து, பாதி வளர்ந்த லீக்ஸைப் பிடுங்க ஆரம்பித்தார். விரல் தடிப்புக்கூட இல்லை. அந்தத் துண்டு போனதும் வீட்டுக்கு இன்னொரு வருமானம் தேவைப்பட்டது. நான் புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகும் பல நாள் அப்பாயி அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு போய் அந்தச் சரிவில் கொட்டிவிட்டு வந்ததாகத் தம்பி எழுதியிருந்தான்.

வாழ்வாதார உதவி என்று எங்கள் பக்கம் எவ்வளவோ வந்திருக்கிறது. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விதைப் பொட்டலம், பூவாளி, கோழிக்குஞ்சு, மூன்று நாள் பயிற்சி. தம்பி மனைவிக்கும் வீட்டுத்தோட்டப் பயிற்சி கிடைத்தது. பாத்திக்குப் பாத்தி எவ்வளவு இடைவெளி, கூட்டெரு எப்படிப் போடுவது என்று கொப்பி நிறைய எழுதிவந்தாள். வந்து பார்த்தால் கூட்டெரு போட இடமில்லை. இஸ்தோப்பு ஓரத்தில் ஐந்து பொலித்தீன் பையில் மண் நிரப்பித் தக்காளி வைத்தாள். அந்த மண்ணையும் டர்பன்டைன் காட்டு ஓரத்திலிருந்து யாரும் பார்க்காத நேரத்தில் அள்ளிவந்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துபோயிற்று. பிறந்த இடத்து மண்ணைத் திருடவேண்டி வந்தவளுக்கு இன்னொரு விதைப் பொட்டலத்தைக் கொடுத்து என்ன செய்வது?

இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாடில்லாதவனுக்கு அரசு நிலமும் இல்லை. வறண்ட பிரதேசத்தில் குடியேற்றத் திட்டங்களில் மற்றவர்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கிடைத்த காலம் அது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அத்தையின் குடும்பம் அப்படித்தான் கப்பல் ஏறியது. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. வாக்குச் சீட்டு வந்தது, மண் வரவில்லை.

இப்போது தனிவீடுகள் கட்டித் தருகிறார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். சந்தோஷம்தான். காம்பரா ஒன்றுக்குள் மூன்று தலைமுறை படுத்து எழுந்த எங்களுக்குத் தனி வாசல் சின்ன விஷயமில்லை. ஆனால் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று அளந்தார்கள். ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடு, கக்கூசு, பாதை, மண் சரியாமல் இருக்கக் கட்டும் அணை எல்லாம் போனால் இரண்டு பாத்தி மிஞ்சும். கறிவேப்பிலைக்குப் போதும், பிழைப்புக்குப் போதாது.

தம்பி இப்போது குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறான். 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது அவன் கேரட் விரல் அளவோடு நின்றுவிட்டது. அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள், குத்தகைக் காசு திரும்பி வரவில்லை. சொந்த மண்ணாக இருந்திருந்தால் சாணியும் சாம்பலும் போட்டு இன்னொரு போகம் காத்திருந்திருப்பேன் என்றான். தாத்தா அப்படித்தான் காத்திருந்தார்.

போன தைப்பொங்கலுக்குப் போனபோது அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்தேன். தாத்தா கட்டிய மூன்று கல் படியும் மரங்களுக்கு நடுவில் அப்படியே நிற்கின்றன. ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை. மரங்களில் வெட்டுக்கு அடையாளமாகச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள்.

அந்த மரங்களை வெட்டியபின் அங்கே என்ன செய்வதென்று தீர்மானிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது தரிசு நிலம் இல்லை, விளைந்த நிலம். அந்த லயத்தில் இன்னும் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருபது பேர்ச்சஸ் அளந்து, பெண்கள் பெயரில் உறுதி எழுதிக் கொடுங்கள். விதையை அவர்களே தேடிக்கொள்வார்கள்.